டீச்சர் பதில்கள்: படித்ததெல்லாம் எங்கே போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி படிப்பைப் பற்றியவைதான். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் முப்பது வருஷம் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் என்று தெரிந்துதான் கேட்கிறீர்கள் போல. சரி, தெரிந்தவரை சொல்கிறேன். வரிசையெல்லாம் பார்க்கவில்லை, கையில் கிடைத்த கடிதத்தை முதலில் எடுத்தேன்.

என் மகன் பத்தாம் வகுப்பு. தினமும் விடிகாலை 4 மணிக்கு எழுப்பிவிடுகிறேன், உட்கார்ந்து படிக்கிறான். கேட்டால் "எல்லாம் படிச்சிட்டேம்மா" என்கிறான். பரீட்சையில் பாதி மறந்துபோகிறது. வல்லாரை லேகியம்கூடக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.
– ஓர் அம்மா, மன்னார்குடி

லேகியத்தை விடுங்கள் அம்மா. பையன் பொய் சொல்லவில்லை, படித்திருக்கிறான். ஒரே பக்கத்தை நாலு தடவை பார்த்தால் அந்தப் பக்கம் பழகிய முகமாகிவிடும், பழகியதை "தெரிந்தது" என்று மனசு எடுத்துக்கொள்ளும். தெருவில் தினமும் பார்க்கிற ஆளின் பெயரைத் திடீரென்று யாராவது கேட்டால் நமக்கு வராதே, அந்தக் கதைதான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்ப நாலு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, மீதி மூன்று முறையும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுதான் முன்னால் நின்றது, 83 சதவீதம், எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எல்லாம் தலைகீழ்: வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. உங்கள் வீட்டில் நடப்பது இதேதான். காலையில் கேட்டால் தெரிகிறது, மார்ச் மாதம் தெரியவில்லை.

அதனால் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். என் அண்ணன் பேத்தியை இப்படித்தான் உட்கார வைத்தேன், அவளும் பத்தாவதுதான். மனித இதயம் படத்தைப் பத்து தடவை பார்த்திருக்கிறாள், "அத்துப்படி பாட்டி" என்றாள். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்து வரையச் சொன்னேன். வெளிக்கோடு அழகாக வந்தது, பாகம் குறிக்கும்போது வலதையும் இடதையும் மாற்றிப் போட்டாள், நுரையீரல் தமனி எங்கே கிளம்புகிறது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் முழித்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து தப்பைச் சிவப்பு மையில் அவளே திருத்தினாள். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை, அடுத்த வாரம் இன்னொரு முறை, அவ்வளவுதான். அந்த முழித்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே, படிப்பு நடந்தது அங்கேதான். பிள்ளைகளுக்கு அது பிடிக்காது, தனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும், அதனாலேயே திரும்ப வாசிப்புக்கு ஓடுவார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும் அப்படி ஒரு சுகம். 2013-இல் டன்லாஸ்கி குழுவினர் பத்து படிப்பு முறைகளை எடுத்து அலசினார்கள், அதில் கோடு போடுவதும் மறுவாசிப்பும் கீழ் வரிசை, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல் வரிசை.

அப்புறம் அந்த 4 மணி. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. 11 மணி என்றால் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். அந்த வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். வளரும் பருவத்தில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகும், ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது. அது சோம்பேறித்தனம் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2016-இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7:50-இலிருந்து 8:45-க்குத் தள்ளிப் பார்த்தார்கள். பிள்ளைகள் இன்னும் லேட்டாகப் படுத்து அந்த நேரத்தையும் வீணாக்குவார்கள் என்று பலர் நினைத்தார்கள், ஆனால் சராசரியாக 34 நிமிஷம் கூடுதலாகத் தூங்கினார்கள். படித்தது மண்டையில் படிவதே தூக்கத்தில்தான். நம் தாத்தாக்கள் 4 மணிக்கு எழுந்தார்கள் என்பீர்கள், 8 மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் அவர்கள்.

ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 23 பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது. போர்ஷனை முடிக்கவா, எழுத்தைச் சொல்லிக்கொடுக்கவா? மேலதிகாரி வந்தால் கேட்பது போர்ஷனைத்தான்.
– ஓர் ஆசிரியை, திருத்துறைப்பூண்டி பக்கம்

கடைமடைக்காரரிடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு, உங்கள் ஊர் வயலுக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கணக்கு. போர்ஷன் முடித்தேன் என்பது மேட்டூர்க் கணக்கு.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. வடோதராவிலும் மும்பையிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம், பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்து அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தந்தப் பகுதிப் பெண்கள், பெரிய பட்டம் வாங்கியவர்கள் இல்லை. பாலசகி என்று பெயர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழு அதை அளந்து 2007-இல் வெளியிட்டது. பின்தங்கியவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். 2019-இல் பொருளாதார நோபல் வாங்கினார்களே, அவர்களேதான். வயசுப்படி, வகுப்புப்படி இல்லாமல் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிப்பது என்ற இந்த யோசனை பிறகு பல மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது.

நம் மாநிலத்துக் கணக்கும் இருக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடியிருந்த பிறகு, தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அது (சிங், ரொமேரோ, முரளிதரன் என்ற மூவர் செய்தது). 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் ரொம்பவும் தமிழில் ஓரளவும் பின்னால் போயிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாசத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு, 24 சதவீதம், இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். சாயங்காலம் கோயில் மண்டபத்திலும் யார் வீட்டுத் திண்ணையிலோ பாய் போட்டு உட்கார்ந்த தன்னார்வலர்களின் வேலை அது. பிள்ளை பின்தங்கினால் அதோடு போச்சு என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு முறை படிக்கலாம்.

ஆகவே டீச்சர், தினம் நாற்பது நிமிஷம் ஒதுக்குங்கள். அந்த ஏழெட்டுப் பேரையும் மூன்றாம் நாலாம் வகுப்பில் இதே நிலையில் இருப்பவர்களையும் ஒன்றாகச் சேருங்கள். மீதிப் பேருக்கு நன்றாக வாசிக்கிற ஒரு பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாகப் போடுங்கள். அது பழைய பஞ்சாங்கம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: 1790-களில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளி நடத்தியபோது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தானும் எடுத்துக்கொண்டார், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருகிற முறையையும் சேர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அங்கே அதற்கு "மெட்ராஸ் முறை" என்றே பெயர்.

செயல்வழிக் கற்றல் வந்தபோது, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியதே, அதன் அடிப்படையும் இதுதான், பாட அட்டைகளை வைத்துப் பிள்ளை தன் படியில் தானே ஏறுவது. நான் பார்வையிடப் போன ஒரு பள்ளியில் அட்டைகள் எல்லாம் புத்தம்புதுசாகப் பீரோவில் இருந்தன. "பிள்ளைங்க கிழிச்சிடுவாங்கன்னு பூட்டி வெச்சிருக்கோம்மா" என்றார்கள்.

இன்னும் ஒரு கடிதம்: பேரன் ஏழாம் வகுப்பு. லீவு நாளில் எங்கள் காய்கறிக் கடையில் நிற்பான். முக்கால் கிலோ கத்திரிக்காய், கால் கிலோ மிளகாய், 200 ரூபாய்க்கு மீதிச் சில்லறை, எல்லாம் மனக்கணக்கு, நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் சொல்லிவிடுவான். பள்ளிக்கூடத்துக் கணக்கில் 100-க்கு 31. எப்படி?
– பாபநாசம் தாத்தா

ஐயா, உங்கள் பேரனைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். 1985-இலேயே பிரேசிலில் தெருவில் தேங்காயும் பழமும் விற்கிற பிள்ளைகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். கடையில் கேட்டால் கிட்டத்தட்ட எல்லாம் சரி, அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தால் தடுமாற்றம். 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் அதையே பார்த்தது. அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைவிட மோசம்! சின்னச் சின்னக் கோடாகப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பாலம் இல்லை.

பாலத்தை நீங்கள் போடலாம். வியாபாரம் முடிந்த பிறகு அவன் மனசில் போட்ட கணக்கை அவனையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முக்கால் கிலோவை 0.75 என்று எழுதி, கிலோ 40 ரூபாயால் பெருக்கட்டும், 30 வரும். "இதத்தானே தாத்தா அப்பவே சொன்னேன்" என்பான். பள்ளிக்கூடத்துத் தசமப் புள்ளியும் தன் தராசும் ஒன்று என்று அவனுக்கு அங்கேதான் தெரியும். கொள்முதல் நிலையத்துக்கு நெல் போடுவீர்கள் என்றால் 40 கிலோ மூட்டையும் 17 சதவீத ஈரப்பதமும் வைத்து ஒரு வருஷத்துச் சதவீதக் கணக்கை முடித்துவிடலாம். லீவு நாளில் மட்டும் கடையில் நிற்கட்டும், பள்ளி நாளில் வேண்டாம்.

விரல் ரேகையை ஸ்கேன் செய்து, பிள்ளை கண்ணால் கற்பவனா காதால் கற்பவனா, டாக்டரா இன்ஜினீயரா என்று சொல்கிறார்களாம். பள்ளியிலேயே முகாம் போடுகிறார்கள். கட்டலாமா?
– ஒரு தகப்பனார், பட்டுக்கோட்டை

கட்டவேண்டாம். ரேகைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. கண் வழி, காது வழி என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கும், 2008-இல் பாஷ்லர் குழு தேடிப் பார்த்தபோது, உருப்படியான ஆதாரம் சிக்கவில்லை. கைரேகை பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தால் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போங்கள், சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும்.

பிள்ளைகளின் மனநலத்துக்காகத் தினம் பத்து நிமிஷம் தியானம் வைக்கப்போகிறோம். சரிதானே? எல்லா வகுப்புக்கும் ஸ்மார்ட் போர்டும் வருகிறது.
– ஒரு பள்ளித் தாளாளர், மயிலாடுதுறை மாவட்டம்

வைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்று பெரிய அளவில், தியானம் மாதிரியான மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. வழக்கமாகச் செய்கிறதைவிட ஒன்றும் மேலாக இல்லை. நிறையப் பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை.

பிகாரில் நாலந்தா மாவட்டத்தில் வேறு மாதிரி செய்தார்கள். சேஹர் என்று பெயர், 2018-இல் லான்செட் இதழில் வந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து மாணவர் நலத்தைப் பார்க்கச் சொன்னார்கள். சில பள்ளிகளில் அதற்கென்றே வெளியிலிருந்து ஓர் ஆளைப் போட்டார்கள், மனநல மருத்துவரெல்லாம் இல்லை, படித்த சாதாரண ஆள், பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, நேரில் பேச ஓர் இடம். தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழலே மாறியது, மனச்சோர்வும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியரிடமே கொடுத்த பள்ளிகளில் மாற்றம் இல்லை. ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள், இருக்கிற வேலையோடு இதையும் தலையில் கட்டினால் யாரால் முடியும், தவிர மார்க் போடுகிறவரிடமே போய் மனசைத் திறக்க எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

ஸ்மார்ட் போர்டுக் காசில் அப்படி ஓர் ஆளுக்கு எத்தனை வருஷச் சம்பளம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் கொடுத்துப் பார்த்தார்கள், கணக்கிலும் மொழியிலும் மார்க் ஏறவில்லை. டெல்லியில் பிள்ளையின் நிலைக்கேற்பக் கேள்வி கேட்கிற மென்பொருளை வைத்துச் சாயங்கால மையம் நடத்திய இடத்தில் நன்றாக ஏறியது. பெட்டி பெரிசில்லை, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கல்வியியலில் பிஎச்.டி. செய்கிறேன். டெல்டா மாவட்டங்களில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் தேர்வு மன அழுத்தம் பற்றித் தலைப்பு. வழிகாட்டி 300 வினாத்தாள் வாங்கிவரச் சொல்கிறார். ஜனவரியில் கிளம்பலாம் என்றிருக்கிறேன். என்ன கவனிக்கவேண்டும்?
– ஆய்வு மாணவர், திருவாரூர்

தம்பி, முதலில் ஜனவரியை மாற்றுங்கள். பொங்கல், சம்பா அறுவடை, திருப்புதல் தேர்வு, மூன்றும் ஒன்றாக வருகிற மாசம். அறுவடைக்கு வீட்டோடு போனவன், பயத்தில் பள்ளிக்கே வராமல் நின்றவன், இரண்டு பேருமே நீங்கள் போகிற அன்று வகுப்பில் இருக்கமாட்டார்கள். மன அழுத்தத்தைப் பற்றிய ஆய்வில் ரொம்ப அழுத்தத்தில் இருக்கிறவனே விடுபட்டுப்போனால் மிச்சம் 300 தாளை வைத்து என்ன சொல்லமுடியும்? வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வராதவர்களைத் தேடி இன்னொரு நாள் போங்கள்.

இரண்டாவது, வினாத்தாள். வெளிநாட்டு அளவுகோலைத் தமிழாக்கும்போது "நான் மனவழுத்தத்திற்கு உள்ளாவதாக உணர்கிறேன்" என்று எழுதி வைக்கிறார்கள். நம் பிள்ளை எந்தக் காலத்தில் அப்படிப் பேசியது? "தூக்கமே வரல", "வயித்தப் பிசையுது", "அப்பா மூஞ்சியப் பாக்க முடியல" என்று சொல்லும். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லி ஒப்பிடுங்கள். அப்புறம் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் "இது என்ன கேக்குதுன்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவியின் தாளில் "அடிக்கடி", "பெரும்பாலும்", "பல நேரங்களில்" மூன்றும் தனித்தனிக் கட்டங்களாக இருந்தன. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

தலைமையாசிரியர் வகுப்பில் நிற்கக்கூடாது. எல்லாப் பிள்ளையும் "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று எழுதிவிடும். பெற்றோர் சம்மதம் வாங்குங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெயர் எழுதவைக்காதீர்கள். ஒருவேளை ஒரு தாளில் "சாகணும் போல இருக்கு" என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? அதை எண்ணாக்கி அட்டவணையில் போட்டுவிட்டுப் போகமுடியாது. தாளில் பெயர் இல்லாமல், குறியீட்டு எண் மட்டும் இருந்து, அதற்குரிய பட்டியல் உங்களிடம் பூட்டி இருக்கட்டும். அன்றைக்கே வாசியுங்கள், யாரிடம் சொல்வது என்பதைப் போவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், தேவைப்பட்டால் பெரியவர்களிடம் சொல்வேன் என்பதைப் பிள்ளைகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியாக ஒன்று, முடிவு வந்ததும் அந்தப் பள்ளிகளுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் தாள் வாங்கிப் போனவர்கள் ஏராளம், திரும்பி வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

டீச்சர், கும்பகோணத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஐந்து அரியர். அம்மா தோட்டை அடகு வைத்து ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள், வீட்டில் எதுவும் தெரியாது. ராத்திரியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். ராமானுஜனே ஃபெயிலானவர்தானே என்று தோழிகள் ஆறுதல் சொல்கிறார்கள்.
– பெயர் வேண்டாம்

தங்கச்சி, அந்த ராமானுஜன் ஆறுதல் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார், 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அப்போது அவருக்கு வயசு 17. பிற்பாடு பெரிய ஆளானார் என்பதை நாம் சொல்கிறோம், ரயிலில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்கு அது தெரியாது. அந்த வயசில் அவர் வீட்டில் யாரிடமாவது உட்கார்ந்து பேச முடிந்திருந்தால் என்று நான் நினைத்ததுண்டு.

ஐந்து அரியர் எழுதி முடிக்கக்கூடிய விஷயம். முதல் பதிலில் சொன்ன முறை உனக்கும்தான், அடுத்த செமஸ்டருக்கு ஐந்தையும் கட்டாமல் இரண்டை எடு. ஆனால் அதற்கு முன்னால் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் சித்தி, அக்கா, விடுதிக் காப்பாளர், யாராவது. தோடு போன துக்கத்தைவிட, நீ இப்படித் தனியாக முழித்துக்கொண்டு கிடந்தாய் என்று பிறகு தெரிந்தால்தான் அம்மாவுக்குத் தாங்காது. தெரிந்தவர் யாரிடமும் முடியாது என்றால் 14416-க்குப் போன் போடு, மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசில்லை. 104-உம் இருக்கிறது. வாழவேண்டாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலும் விடிகிறவரை காத்திராதே, அப்போதே கூப்பிடு, பக்கத்து அறைப் பெண்ணையும் எழுப்பு. இந்த இதழுக்கு இன்னொரு கடிதம் எழுது, அரியரைப் பற்றி இல்லாவிட்டாலும் சரி, எப்படி இருக்கிறாய் என்று.

காலையில் சாப்பிடாமல் பள்ளிக்குப் போகிறாள் பேத்தி. "நேரமில்லை அத்தை" என்கிறாள் மருமகள். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அப்படி என்ன சம்பந்தம்?
– ஒரு பாட்டி, திருக்குவளை அருகே

உங்கள் ஊரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25-இல் மாநிலம் முழுக்க விரிவாக்கியதே உங்கள் திருக்குவளைப் பள்ளியில்தான். மதிய உணவைப் பற்றி நாடு முழுக்கப் பார்த்த ஓர் ஆய்வில், ஐந்து வருஷம் வரை அது கிடைத்த பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஒரு வருஷத்துக்கும் குறைவாகக் கிடைத்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. வயிறு காய்ந்தால் பத்து மணிக்கு மேல் கரும்பலகை தெரியாது, இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். பேத்தி அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் அங்கேயே சூடாகப் பொங்கலோ உப்புமாவோ கிடைக்கும், கொஞ்சம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். வேறு பள்ளி என்றால் மருமகளை எதிர்பார்க்காதீர்கள், அவளுக்கும் வேலைக்குப் போகிற அவசரம் இருக்கும். ராத்திரி சோற்றில் நீங்களே தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் மோரும் உப்பும் போட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம்.